துஹிதா என்றால் மகள்

அன்புள்ள அம்மாடி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு ஃபோனில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். உன்னோடு தங்கியிருக்கும் ஈரானியப் பெண்ணை அவள் அம்மா "தொஹ்தரம்" என்று கூப்பிட்டாராம். "நீங்கள் படிக்கிற சமஸ்கிருதத்தில் வருகிற துஹிதரம்தானே இது? அப்படியென்றால் பாரசீகம் சமஸ்கிருதத்திலிருந்து வந்ததாப்பா?" என்றாய். ஒரு வாரமாக அதே நினைப்பாக இருக்கிறேன்.

முதலில் கடைசியில் நிற்கும் அந்த 'அம்'மைப் பார்ப்போம். சமஸ்கிருதத்தில் துஹிதா என்றால் மகள், துஹிதரம் என்றால் மகளை. இரண்டாம் வேற்றுமை, நம் 'ஐ' செய்கிற வேலை. பாரசீகத்தில் மகளுக்கு தொஹ்தர் என்று பெயர். அதன் வாலில் இருக்கும் 'அம்' என்பதற்கு 'என்' என்று பொருள். அந்த அம்மா கூப்பிட்டது "என் மகளே" என்று. ஆக, வால் ஒத்துப்போனது தற்செயல். உடம்பு ஒத்துப்போனதோ தற்செயலே இல்லை.

துஹிதா, தொஹ்தர், அங்கே நீ தினமும் கேட்கிற ஜெர்மன் டோஹ்டர், லித்துவேனியாவில் துக்தே, பழைய கிரேக்கத்தில் துகாதேர். வாய்விட்டுச் சொல்லிப் பார். தொண்டையிலிருந்து வரும் நடு எழுத்து ஒரு இடத்தில் ஹ, ஒரு இடத்தில் க என்று மாறுகிறது. ஆனால் அந்தந்த மொழியில் மற்ற சொற்களிலும் ஒரே முறையில்தான் மாறுகிறது. அந்த ஒழுங்குதான் சாட்சி. 1786 பிப்ரவரியில் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் ஆசியக் கழகக் கூட்டத்தில் இந்த உறவைப் பற்றித்தான் பேசினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றின் வினையடிகளும் இலக்கண வடிவங்களும் இவ்வளவு ஒத்திருப்பதால் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அந்த மூலம் இன்று இல்லாமல் போயிருக்கலாம் என்றார். எனவே சமஸ்கிருதம் பாரசீகத்துக்குத் தாய் ஆகாது. இரண்டும் கூடப்பிறந்த மாதிரி. ஜெர்மன் கொஞ்சம் தள்ளி, ஒன்றுவிட்ட உறவு.

நம் 'மகள்' அந்த வீட்டுப் பெண் கிடையாது. கன்னடத்தில் மகளு என்பார்கள், கேட்டாலே நம்முடையது என்று தெரியும். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், தென்மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-இலேயே சொல்வடிவங்களை வைத்து எழுதிக் காட்டிவிட்டார். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் ஏராளம். நீரும் மீனும் நம்மிடமிருந்து அங்கே போயின. தனயனும் தனயையும் அங்கிருந்து இங்கே வந்தார்கள். யார் யாருக்குத் தாய் என்று நம் குடும்ப வாட்ஸ்அப்பில் சண்டை வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இவ்வளவு அழகான சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு பட்டத்துக்குச் சண்டை போடுகிறோமே.

சரி, துஹிதாவுக்கு வருகிறேன். பழங்காலத்துச் சொல்லாராய்ச்சியாளர் யாஸ்கர் இந்தச் சொல்லுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்: தூரே ஹிதா. தூரத்தில் இருந்தால் நல்லது, அதனால் துஹிதாவாம்! பால் கறப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்திருக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். கிரேக்கனும் லித்துவேனியனும் வைத்திருக்கும் சொல்லை சமஸ்கிருதத்து 'தூரே'யிலிருந்து பிறந்தது என்று சொல்ல முடியாது. அது சமஸ்கிருதத்துக்கும் மூத்த சொல். எனக்கு அந்த விளக்கம் ஒப்பாததற்கு வேறு காரணமும் உண்டு, உனக்கே தெரியும்.

காளிதாசனின் சாகுந்தலம் நாடகத்தில் நாலாம் அங்கம் படித்துக்கொண்டிருந்தேன். சகுந்தலை புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள். வளர்த்த கண்வர் சொல்லும் சுலோகம், வரிக்குப் பத்தொன்பது எழுத்து. காட்டில் இருக்கும் எனக்கே தொண்டை அடைக்கிறதே என்று சொல்லிவிட்டு, கடைசி வரியில், "பீட்யந்தே க்ருஹிண: கதம் நு தனயா விச்லேஷ துக்கைர் நவை:" என்கிறார். இல்லறத்தார் மகளைப் பிரியும் புதுத் துக்கங்களால் எப்படித் தவிப்பார்களோ! தமிழில் 'புதிய துக்கங்களால்' என்றால் 'ஆல்' துக்கத்தோடு நின்றுவிடும், புதிய என்ற சொல் மாறாது. சமஸ்கிருதத்தில் 'நவ'வும் அதே வேற்றுமையை ஏற்று 'நவை:' ஆகி, வரியின் கடைசியில் தனியாக நிற்கிறது. நீ போய் நாலு வருஷம் ஆகிறது. படிக்கும்போது அந்தச் சொல்லில் வந்து நின்றவன், அதற்கு மேல் படிக்காமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு வேலை சொல்கிறேன். அம்மா, அண்ணன், பத்து இந்த மூன்றுக்கும் அந்தப் பெண் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வை. பக்கத்திலேயே ஜெர்மன் சொல்லையும் எழுது. நான் இங்கே மாதா, ப்ராதா, தச என்று எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா