சிறப்பு வகுப்பில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாலையில் நீங்கள் நடத்தும் சிறப்பு வகுப்புகளைப் பற்றி எழுதுகிறேன். அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மனப்பாடத்தின் மீதும் எனக்குப் பகையில்லை. வாய்பாடும் குறளும் நாவில் நிற்பது நல்லதுதான். ஆனால், எது மனத்தில் நிற்காதோ அந்த வழியிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறீர்கள்.

தேர்வில் தவறவிட்ட விடையைப் பத்து முறை எழுதி வரச் சொல்கிறார்கள். பிள்ளைகள் அதை எழுதும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் சொல்லை மேலிருந்து கீழாகப் பத்து வரியிலும் எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போகிறார்கள். என் மகளும் அப்படித்தான் 'இதயத்தின்', 'இடப்புறம்' என்று வரிசை வரிசையாக நிரப்பினாள். நோட்டு நிறைந்தது. ஈரிதழ் வால்வு எந்தப் பக்கம் என்று கேட்டால் விழிக்கிறாள். எழுதியபோது எதையும் நினைவிலிருந்து தேடி எடுக்கவேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லையே!

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு சுற்றுப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்றுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழ்: படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. அன்று நடத்தியதை அன்றே கேட்டு, 'எல்லோருக்கும் வந்துவிட்டது' என்று நாம் நிம்மதியடைவது எவ்வளவு பெரிய ஏமாற்று! பொதுத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே, மாலை வகுப்பின் முதல் கால் மணி நேரம் புத்தகம் மூடியிருக்கட்டும். நேற்றைய பாடத்தில் ஒரு கேள்வி, போன வாரத்துப் பாடத்தில் ஒன்று, போன மாதத்துப் பாடத்தில் ஒன்று. இதயத்தின் படத்தைப் பார்க்காமல் வரையட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் அவர்களே குறிக்கட்டும். மதிப்பெண் வேண்டாம், பெற்றோருக்குத் தகவலும் வேண்டாம். மறந்துபோகும் தறுவாயில் முயன்று மீட்டெடுப்பதே ஆழப் பதிகிறது. தவறினால் உடனே திருத்தம் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று: படித்தது மனத்தில் உறுதிப்பட உறக்கமும் உதவுகிறது. அதிகாலை வகுப்புக்கு நான்கு மணிக்கே பிள்ளைகளை எழுப்ப வைக்கும் பள்ளிகள் இதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

முதல் திருப்புதல் தேர்வுக்கு முன் ஒரே ஒரு பிரிவில் இதைச் செய்து பாருங்கள். அந்தப் பிரிவுக்கு மட்டும் பத்து முறை எழுதும் தண்டனையை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்