வீட்டுக்காரம்மாவின் ஃப்ரீஸர்

அன்பு மலருக்கு,

பிரேசிலில் நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் வீட்டுக்காரம்மா பென்ஷன் வந்த அன்றே மாதச் சாமான் முழுவதும் வாங்கி ஃப்ரீஸரை நிரப்புகிறார், இதென்ன பழக்கம் என்று கேட்டாய். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

1993-ல் எங்கள் கப்பல் பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தில் பல நாள் நின்றது. அங்கே கடையில் ஒரு பையன் விலைச்சீட்டு ஒட்டும் மெஷினோடு அலமாரி அலமாரியாக வருவான். அவன் வந்து சேர்வதற்குள் சாமானை எடுத்துவிடப் பெண்கள் முன்னால் ஓடுவார்கள். அந்த ஒரு வருடத்தில் பிரேசிலில் விலைவாசி 2,400 சதவீதத்துக்கு மேல் ஏறியது. சம்பளம் கையில் இருக்க இருக்கக் கரையும். பேங்கில் போட்டவர்களும் தப்பவில்லை. 1990 மார்ச்சில் அதிபர் கொலோரின் அரசு ஒரு வரம்புக்கு மேற்பட்ட சேமிப்பை 18 மாதம் முடக்கியது. உன் வீட்டுக்காரம்மா சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் தாண்டி வந்தவர் மா. அதைப் பேராசை என்று நினைத்துவிடாதே.

1986-லிருந்து எட்டே வருடத்தில் ஐந்து தடவை பணத்தின் பெயர் மாறியது. எழுத்தாளர் மஷாடோ டி அஸிஸ் படம் போட்ட ஆயிரம் க்ருஸாடோ தாளில், 1989-ல், ஒரு க்ருஸாடோ நோவோ என்று முத்திரை குத்தினார்கள். மூன்று சைபர் போச்சு. அப்படி ஒரு தாள் நம் பீரோவில் உன் ஜாதகத்தோடு இருக்கிறது.

1994-ல் செய்ததுதான் எனக்கு இன்றும் வியப்பு. மார்ச்சில் தாள் எதுவும் அடிக்காமல், யுஆர்வி என்று ஒரு கணக்கு அளவை மட்டும் கொண்டுவந்தார்கள். அதற்கு இன்றைக்கு எத்தனை க்ருஸேரோ ரியால் (அதுதான் பழைய பணம்) என்று தினமும் அறிவிப்பு வரும். கொடுக்கிற பணம் பழையது, மனசில் போடுகிற கணக்கு புதியது. நாலு மாதத்தில் ஆடாமல் நிற்கிற ஒரு எண் ஜனங்களுக்குப் பழகிவிட்டது. ஜூலை 1 அன்று அந்த எண்ணே தாளாகக் கைக்கு வந்தது. பழைய பணம் 2,750 கொடுத்தால் 1 ரியால். நீ இப்போது அவர்கள் மாதிரியே 'ஹெயாவ்' என்கிறாயே, அதுதான்.

அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் போகிறாய். அங்கே 2001 டிசம்பரில் வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்க விடவில்லை. இன்றும் வீட்டு விலையை டாலரில்தான் பேசுவார்கள். சேமிப்பைப் பற்றி அவர்களுக்கு யோசனை சொல்லாதே, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்.

சரி, வீட்டுக்காரம்மாவிடம் காபி நேரத்தில் விசாரி. 94 ஜூலையில், கையில் வந்த முதல் ரியாலுக்கு என்ன வாங்கினாராம்? மஷாடோ தாளைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அவரிடம் காட்டு.

அப்பா