தண்டையார்பேட்டை குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வேலை நாளாக இருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை மழைத் தண்ணீரில் ஆரம்பித்து தெருவிளக்கில் முடியும். இந்த வருஷம் அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் மழைக்கும், நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கும் தண்ணீர் தேங்கியது. இரண்டு முறையும் வாடகை மோட்டார் வைத்து இறைத்தோம். ஆடிக் கூழ் ஊற்றினோம். புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் 3 தங்கம் வென்று வந்த பிறகு, சங்க அறையில் உள்ள நம் ஒரே கேரம் போர்டுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இன்னொரு போர்டு வாங்க வேண்டும். பொருளாளர் இதைக் காதில் வாங்கிக்கொள்ளவும்.

இனி வீட்டு வரி விஷயம். ஆண்டின் பாதி அதில்தான் போனது.

2024 ஜூன் மாதம் நம் மூன்று தெருக்களில் 14 வீடுகளுக்கு மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. கட்டட அளவு கூடியிருக்கிறது, அதற்கேற்ப வரி திருத்தப்படுகிறது, ஆட்சேபம் இருந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் தெரிவிக்கவும் என்று அதில் இருந்தது. அன்று சாயந்திரமே என் வீட்டு வாசலில் ஒரு கூட்டம். "ஐம்பது அடி கூடிருச்சாம், அதுக்கு இவ்வளவா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

காரணம் 2022 ஏப்ரலில் வந்த வீட்டு வரி உயர்வின் படிக்கட்டு. பழைய சென்னைப் பகுதியில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று உயர்ந்தது நினைவிருக்கும். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த திருவொற்றியூர் போன்ற பகுதிகளுக்கு இதே படிகள் 25, 50, 75, 100. டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் நம்மில் பலர். ஆனால் இங்கே நம்மைக் கடித்தது படிகளின் விளிம்பு. முன்பு அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய வீடு 1,200 சதுர அடியில் நின்றால் 1,750. ஒரு அடி தாண்டினால் 2,000. கூடிய ஒரு அடிக்கு மட்டும் அல்ல, மொத்த வரிக்கும் புது விகிதம். 2024 அக்டோபரில் 6 சதவீதம் கூடியதும் இவை 1,855 என்றும் 2,120 என்றும் ஆயின. வருஷத்துக்கு 530 ரூபாய் வித்தியாசம். "ஒரு கேஸ் சிலிண்டருக்குக்கூடக் காணாது, இதுக்கா ஆறு மாசம் அலையறீங்க?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். சரிதான். ஆனால் இனி வரி கூடும்போதெல்லாம் இந்த வித்தியாசமும் கூடவே வளரும். தண்ணீர் வரியையும், வீட்டு வரிக்கு அடிப்படையாகக் கணக்கிடும் அதே ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் என்றுதான் போடுகிறார்கள். ஆண்டு மதிப்பு தப்பாக ஏறினால் இரண்டு பில்லிலும் இடி.

நாம் செய்த முதல் வேலையே தப்பு. அதைச் செய்தவன் நான்தான். சங்கத்தின் லெட்டர்பேடில் 14 பேரும் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவை எழுதி, பதினோரு பேராகக் கிளம்பி மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தோம். உள்ளே இருந்தவர் பொறுமையாகவே படித்தார். "இது யாரோட மனு? ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி பில் நம்பர், தனித்தனி அளவு. சங்கத்துக்கு வரி போடலையே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. மண்டலம், வட்டம், பில் எண், துணை எண் என்று நம் ரசீதில் இருக்கும் அந்த நீள எண்ணை வைத்துத்தான் அங்கே எல்லாம் நடக்கிறது. கூட்டமாகப் போனால் பலம் என்று தெருவில் படித்த பாடம் அங்கே எடுபடவில்லை.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்தோம். பொருளாளர் 100 அடி டேப் வாங்கினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீடு வீடாக அளந்தோம். டேப்பின் ஒரு முனையை முதல் தெரு கல்லூரித் தம்பியும், மறு முனையை ஓய்வு பெற்ற ரயில்வே ஐயாவும் பிடித்தார்கள். ஐயா ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை வாங்குவார். "அவசரப்படாதே, தண்டவாளம் மாதிரி நேரா பிடி" என்பது அந்த மூன்று வாரமும் நம் தெருவில் ஓடிய வசனம்.

அளந்து பார்த்தபோதுதான் ஒரு சங்கடம் புரிந்தது. நோட்டீஸ் எல்லாமே தப்பு என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. மூன்று வீடுகளில் அளவு சரியாகவே இருந்தது. மாடி எடுத்துவிட்டு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த மூவரும் மனு போடவில்லை. மற்ற 11 பேர் தனித்தனியாகப் போட்டார்கள். பத்திர நகல், பழைய ரசீது, கையால் வரைந்த அளவுப் படம், மொட்டை மாடி ஃபோட்டோ, எல்லாம் இணைத்தோம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் யாரும் திரும்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அரையாண்டு வரியையும் நிறுத்தி வைக்கவில்லை. ஆட்சேபத்தோடு கட்டுகிறோம் என்று கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டினோம். கட்டாமல் விட்டால் தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஓடும். ஜெயித்தாலும் அது தலைவலி.

மேல்முறையீட்டுக் குழு முன் விசாரணை பொங்கல் முடிந்த வாரம் நடந்தது. ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம்கூட இல்லை. வரி அநியாயம், விலைவாசி, பென்ஷன் போதவில்லை என்று ஆரம்பித்தவர்களைக் குழு கேட்டுக்கொண்டது, ஆனால் எழுதிக்கொள்ளவில்லை. நீளம், அகலம், கூரை, எந்த வருஷம் கட்டியது, யார் குடியிருக்கிறார்கள் என்றபோதுதான் பேனா அசைந்தது. விகிதத்தைக் குறைக்கும் இடம் அது இல்லை. நம் வீட்டைப் பற்றி எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்கும் இடம். இதை ஜூன் மாதமே புரிந்துகொண்டிருந்தால் எனக்கு ஒரு லெட்டர்பேட் மிச்சம்.

இரண்டாம் தெரு அம்மாவின் வீடு நினைவில் நிற்கிறது. ரேழியும் முற்றமும் உள்ள பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். ஒன்பது அங்குலச் சுவர், 40 அடி நீளம், ஆக 30 சதுர அடி. இரண்டு வீட்டுக் கணக்கிலும் முழுச் சுவரும் ஏறியிருந்தது. அம்மா வீட்டு அளவு 1,210. பத்திரத்தில் பொதுச் சுவர் என்று எழுதியிருந்த வரியை அவரே விரல் வைத்துக் காட்டினார். "இந்தச் சுவத்துல பாதி அவங்களுது. நான் ஆணி அடிக்கணும்னாக்கூட அவங்களைத்தான் கேக்கணும்" என்றார். குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். பாதிச் சுவர் கழிந்து 1,195 ஆனது. வீடு 75 சதவீதப் படிக்கே இறங்கி வந்தது.

மொத்தத்தில் 6 வீடுகளுக்கு அளவு குறைந்தது. அதில் நான்கு, மாடிப்படி மேல் போட்ட தகர ஷெட் முழு அறையாகக் கணக்கில் ஏறிய வீடுகள். அதிகமாகக் கட்டியது அடுத்த அரையாண்டில் கழிக்கப்பட்டது. 2 வீடுகளை மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. 3 பேர் மனு தள்ளுபடி. ஒன்று, முன்னறையில் மாவு மில் வைத்திருப்பவருடையது. கடை என்றால் கடைக்கான வரி விகிதம்தான், அதில் வாதாட ஒன்றும் இல்லை. இன்னொன்று, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்று மனுவில் எழுதிவிட்டு, இணைத்த ஃபோட்டோவில் கான்கிரீட் தளத்தைக் காட்டியவருடையது. பெயர் வேண்டாம், அவரே முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது, உங்கள் செயலாளருடையது. மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வீட்டுக்காரரே குடியிருந்தால் கிடைக்கும் சொந்தக் குடியிருப்புக் கழிவை முழு வீட்டுக்கும் கேட்டேன். "மேல யார் இருக்காங்க?" என்று ஒரே கேள்விதான். ஊருக்கெல்லாம் உண்மையை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அங்கே என்ன சொல்வது? வாடகைக்காரர் என்றேன். முடிந்தது.

செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். நகல், ஆட்டோ, டேப் தவிர சங்கப் பணம் இதில் போகவில்லை. இடையில் ஒருவர் வந்து, வீட்டுக்கு இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்றார். செயற்குழு வேண்டாம் என்றது. எடுத்த முடிவு சரியே என்று இப்போதும் நினைக்கிறேன், தோற்றவன் என்ற முறையிலும்.

வருகிற அரையாண்டு வரியை அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். மறு அளவீடு பாக்கியுள்ள இரண்டு வீட்டாரும் பத்திர நகலை எடுத்து வைத்திருக்கவும். அன்றைக்கு ரயில்வே ஐயா கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். புதிதாக மாடி எடுத்தவர்கள் நோட்டீசுக்குக் காத்திராமல் என்னிடம் வந்தால் மனு எழுதும் முறையைச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. சங்கத்தின் 100 அடி டேப்பை ஆடி மாதம் பந்தல் அளக்க யாரோ வாங்கிப் போனீர்கள். நோட்டில் கையெழுத்து இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை. தயவுசெய்து இந்த வாரத்துக்குள் கொண்டுவந்து கொடுக்கவும்.