லேப்டாப்பில் ஓடினால் போதாது, சர்வரில் வைக்கவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் பைத்தான் கற்று இணையச் செயலி உருவாக்குவது பற்றி மாணவர்களுக்காக வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். தமிழில் இதையெல்லாம் எழுதுவது ரொம்ப நல்ல விஷயம், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் எல்லாக் கட்டுரையும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது: ரன்சர்வர் கட்டளையைக் கொடுங்கள், பிரவுசரில் 8000 போர்ட்டை (கணினியின் நுழைவாயில் எண்) திறந்து பாருங்கள், உங்கள் செயலி தயார். கல்லூரிகளில் நடத்துவதும் பெரும்பாலும் அதோடு சரி. உண்மையில் அங்கே எதுவும் தயாராகவில்லை. முன்பின் தெரியாத நூறு பேர் பயன்படுத்தும்படி அதை இணையத்தில் வைப்பது தனி வேலை, அதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சிறு நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் நன்றாக நிரல் எழுதுகிறார்கள், இந்த ஒரு இடத்தில் மட்டும் திணறிப்போகிறார்கள்.

பைத்தானில் இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்பான ஜாங்கோவோடு வரும் ரன்சர்வர், எழுதுகிறவர் தன் கணினியில் சோதித்துப் பார்ப்பதற்கானது. நிரலில் ஒரு வரியை மாற்றினால் தானாக மறுபடி தொடங்கும், அந்த வசதிக்காகச் செய்தது. பாதுகாப்புச் சோதனையோ வேகச் சோதனையோ இதற்குச் செய்யவில்லை, லைவில் வைக்காதீர்கள் என்று அதை உருவாக்கியவர்களே ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே போன்ற இன்னொரு கட்டமைப்பான ஃபிளாஸ்க் அதன் சர்வரைத் தொடங்கும்போதே டெர்மினலில் அதே எச்சரிக்கையைக் காட்டும். படிக்கத்தான் ஆளில்லை.

நான் அடிக்கடி பார்க்கும் கதை இது. மாணவர் ஒரு கிளவுட் மெஷின் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கணினி) எடுத்து, அதில் ரன்சர்வரை ஓடவிட்டு, ஐபி முகவரியை நண்பர்களுக்கு அனுப்புவார். விவரம் தெரிந்த ஒருவர் "டீபக்கை ஆஃப் பண்ணு" என்பார், பிழை வந்தால் அதன் உள்விவரத்தைத் திரையில் காட்டும் அமைப்பு அது. பண்ணியதும் பக்கம் நிறமும் படமும் இல்லாமல் வெறும் எழுத்தாக வந்து நிற்கும். காரணம், டீபக் ஆனில் இருக்கும்போது மட்டும்தான் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு), படம் போன்ற கோப்புகளை ரன்சர்வர் தானே எடுத்துக் கொடுக்கும், ஆஃப் செய்துவிட்டால் அது வெப் சர்வரின் பொறுப்பு என்று ஒதுங்கிக்கொள்ளும். இது தெரியாத பிள்ளை என்ன செய்யும், திரும்ப டீபக்கை ஆன் செய்துவிட்டு "இப்போ சரியாயிடுச்சு" என்று போய்விடும். அப்புறம் எங்கே ஒரு பிழை வந்தாலும் நிரலின் வரிகளும், அந்த நேரத்தில் மாறிகளில் இருந்த மதிப்புகளும் பார்க்கிற எல்லோருக்கும் திரையில் விரியும். பாஸ்வேர்ட், சீக்ரெட் என்ற பெயருள்ள அமைப்புகளை ஜாங்கோ மறைத்துவிடும், ஆனால் ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் விவரம் அப்படியே தெரியும்.

இதையெல்லாம் மாணவர் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. 2015-இல், கலைஞர்களுக்கு ரசிகர்கள் பணம் கொடுத்து ஆதரிக்கும் அமெரிக்காவின் பேட்ரியான் தளத்துக்குள் ஆட்கள் புகுந்தது, பொதுவில் திறந்து கிடந்த ஒரு டீபக் பதிப்பின் வழியாகத்தான். அந்த நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. பயனர்களின் பெயர், மின்னஞ்சல் என்று சுமார் 15 ஜிபி தரவு இணையத்தில் கொட்டப்பட்டது.

சரி, முறையான ஏற்பாடு எது? வெளியுலகம் வந்து தட்டும் 80, 443 போர்ட்டுகளில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிற்க வேண்டும். எச்டிடிபிஎஸ் பூட்டு அதன் பொறுப்பு, படங்களையும் சிஎஸ்எஸ்ஸையும் அதுவே கொடுத்துவிடும். மற்ற கோரிக்கைகளை மட்டும் உள்ளே 127.0.0.1-இல் (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) காத்திருக்கும் கூனிகார்ன் என்ற பைத்தான் சர்வருக்கு அனுப்பும். கூனிகார்னில் சில வொர்க்கர்கள் (வேலை செய்யும் பிராசஸ்கள்) இருக்கும், அவைதான் நம் பைத்தான் நிரலை ஓட்டுகின்றன. பிராசஸர் கோர்களை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு என்பது அதன் ஆவணம் சொல்லும் தொடக்கக் கணக்கு, 2 கோர் மெஷின் என்றால் 5 வொர்க்கர்.

கூனிகார்னையே நேராக வெளியே விட்டால் என்ன என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, இதற்குப் பதில் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். கூனிகார்னின் இயல்பான வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கையாளும். கிராமத்தில் சிக்னல் சரியாக இல்லாத ஒரு செல்போனிலிருந்து ஒரு மாணவி சான்றிதழை ஏற்றுகிறார், அது சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் ஒரு வொர்க்கர் முழுவதும் அவருக்காகவே காத்துக்கிடக்கும். அப்படி ஐந்து பேர் வந்துவிட்டால் ஆறாவது ஆளுக்குத் தளம் திறக்காது, அவரிடம் எவ்வளவு வேகமான இணையம் இருந்தாலும் சரி. தோசை மாஸ்டரே டேபிளுக்கு வந்து ஆர்டர் எடுத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றால் கல் எப்படிக் காயுமோ அப்படித்தான். அதோடு 30 வினாடி அசைவில்லை என்றால் கூனிகார்ன் அந்த வொர்க்கரையே நிறுத்திவிட்டு வேறொன்றைத் தொடங்கும், மாணவி பாதி ஏற்றிய சான்றிதழும் போச்சு.

என்ஜின்எக்ஸ் இந்த இடத்துக்காகவே பிறந்தது. ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் வெளியிட்டார், ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளை எப்படித் தாங்குவது என்பதுதான் அப்போது எல்லோரையும் குடைந்த கேள்வி. இணைப்புக்கு ஒரு பிராசஸ் என்று ஒதுக்காமல், யாரிடமிருந்து தரவு வந்திருக்கிறதோ அவரை மட்டும் கவனித்துவிட்டு அடுத்தவரிடம் போகும். மெதுவான செல்போனிலிருந்து வருவதை முழுக்க வாங்கி வைத்துக்கொண்டு, மொத்தமாக ஒரே வீச்சில் கூனிகார்னிடம் கொடுக்கும். வொர்க்கர் நொடியில் வேலையை முடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகலாம். கூனிகார்னை எழுதியவர்களே முன்னால் என்ஜின்எக்ஸ் வையுங்கள், இல்லாவிட்டால் எளிதாக முடக்கிவிடுவார்கள் என்கிறார்கள். வேண்டுமென்றே மெதுவாகப் பேசி சர்வரை முடக்கும் ஸ்லோலாரிஸ் 2009-இலேயே வந்துவிட்டது, அதற்கு ஒரு சாதாரண கணினி போதும்.

என்ஜின்எக்ஸை நிறுவியதோடு வேலை முடிந்துவிடாது. எதையும் மாற்றாமல் விட்டால் 1 எம்பிக்கு மேல் வரும் பதிவேற்றத்தை அது வாசலிலேயே 413 (கோரிக்கை அளவுக்கு மீறிப் பெரிது) என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பும். கோரிக்கை செயலிக்கே வந்து சேராது, அதனால் செயலியின் லாகில் (நிகழ்வுகளின் பதிவுக் கோப்பு) ஒரு வரிகூட இருக்காது. பிள்ளைகள் பைத்தானில் பிழை தேடி நாட்களைத் தொலைப்பார்கள், பார்க்க வேண்டியது என்ஜின்எக்ஸின் எர்ரர் லாக். அதேபோல 502 என்ற பிழை எண் வந்தால் பின்னால் கூனிகார்ன் ஓடுகிறதா என்று பாருங்கள், 504 வந்தால் அது 60 வினாடிக்குள் பதில் சொல்லவில்லை. இன்னொன்று, முன்னால் என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸியாக (இடையில் நின்று வாங்கிக் கொடுப்பதாக) நிற்பதால் வருகிற எல்லோரும் செயலியின் கண்ணுக்கு 127.0.0.1 ஆகவே தெரிவார்கள். உண்மையான முகவரியைக் கோரிக்கையின் தலைப்பில் (ஹெடர்) வைத்து அனுப்பும்படி அமைக்காவிட்டால், ஒருவர் பாஸ்வேர்டைப் பல முறை தவறாகப் போட்டதும் செயலி அந்த ஒரே முகவரியைத் தடுத்துவிட்டால் ஊரே வெளியே நிற்க வேண்டிவரும்.

கட்டளை ஓடும் விண்டோவை மூடினால் தளமும் மூடிக்கொள்ளாமல் இருக்க, லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி ஓடவைக்கும் சிஸ்டம்டி-யில் சில வரிகள் எழுதினால் போதும். எச்டிடிபிஎஸ் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, 90 நாளில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்க வைத்துவிடலாம்.

பட்டனைத் தட்டினால் செயலியை டிப்ளாய் செய்துகொடுக்கும் (இணையத்தில் ஏற்றி ஓடவைக்கும்) சேவைகள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சில பேராசிரியர்கள் கேட்கக்கூடும். அந்தச் சேவைகளைப் பயன்படுத்தட்டும், தப்பில்லை. ஆனால் அங்கேயும் பைத்தான் செயலிக்குப் பின்னால் இதே கூனிகார்ன் போன்ற ஒன்றுதான் ஓடுகிறது. டீபக்கை ஆன் செய்து விட்டால் அங்கேயும் எல்லாம் தெரியும். 502 வந்தால் அங்கேயும் காரணம் தேட வேண்டியவர் அதே மாணவர்தான்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை, கல்லூரி லேபில் ஒதுக்கி வைத்திருக்கும் பழைய கணினி ஒன்றில் உபுண்டு (இலவச லினக்ஸ் இயங்குதளம்) போட்டாலே பழகிவிடலாம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவாவில் மாணவரின் லேப்டாப் திரையைப் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கத்தை மாற்றச் சொல்லி உங்கள் நாளிதழ் எழுத வேண்டும். தேர்வாளர் தன் செல்போனில், தன் மொபைல் டேட்டாவில் அந்தத் தளத்தைத் திறக்கட்டும். பெரிய புகைப்படம் ஒன்றை ஏற்றிப் பார்க்கட்டும், இல்லாத முகவரி ஒன்றைத் தட்டி என்ன பக்கம் வருகிறது என்று கவனிக்கட்டும். பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி, யாரும் கை வைக்காமல் தளம் திரும்ப எழுந்து வருகிறதா என்று பார்க்கட்டும். பத்து நிமிட வேலை.

உங்கள் கட்டுரைத் தொடரில் இதற்கு இரண்டு வாரம் ஒதுக்கினால் என்ஜின்எக்ஸ், கூனிகார்ன், சிஸ்டம்டி மூன்றுக்கும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளை வரிக்கு வரி தமிழ் விளக்கத்தோடு எழுதித் தர நான் தயார். பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பில் இருக்கும் ஒரு வாசகர்,
கோவை