எடை கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் நன்றி

அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவினருக்கும், தாய்ப்பால் வங்கிக்குப் பால் தந்த தாய்மார்களுக்கும் வணக்கம்.

29 வாரத்தில், 1,100 கிராம் எடையுடன் பிறந்த எங்கள் மகள் இப்போது வீட்டில் இருக்கிறாள். முதல் நாட்களில் அவள் எடை இறங்கியபோது, உடலின் மிகை நீர் வெளியேறுவதால் இது இயல்பே என்றும், பிறந்த எடையை மீண்டும் எட்டச் சுமார் இரண்டு வாரம் ஆகலாம் என்றும் விளக்கிய மருத்துவருக்கு நன்றி. அதன்பின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் வரை கூடுகிறதா என்று எங்களையும் உடன் வைத்தே கணக்குப் பார்த்தீர்கள்.

என் மனைவிக்குப் பால் சுரக்கத் தாமதமானபோது, முகமறியாத தாய்மார்களின் பாலே குழாய் வழியாக மகளுக்கு உணவாயிற்று. புட்டிப்பால் மாவைவிடத் தாய்ப்பால் கிடைக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் திசு அழுகும் நோய் வரும் வாய்ப்புக் குறைவு என்பதை அங்குதான் அறிந்தோம். ஆனால், நிறைமாதத்தில் பெற்றவர்களின் பாலில் புரதம் இவளுக்குப் போதுமான அளவில் இராது. கருவின் கடைசி மூன்று மாதங்களில் சேர வேண்டிய கால்சியத்திலும் பாஸ்பரஸிலும் பெரும்பகுதி இவளுக்குச் சேரவே இல்லை. ஆகவே சத்துப்பொடியைப் பாலில் கலந்து, வயிறு ஏற்கிறதா என்று ஒவ்வொரு வேளையும் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டிய செவிலியர்களின் பொறுமையை நாங்கள் மறக்க இயலாது.

குழந்தையின் உடல் சூடு குறைந்தால், வளர்ச்சிக்குச் சேர வேண்டிய ஆற்றலை உடல் தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே செலவிடும். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில் தொடங்கிய கங்காரு பராமரிப்பை, அதாவது பெற்றவரின் மார்போடு தோலும் தோலும் படக் குழந்தையை அணைத்துச் சூடு காப்பதை, நாளுக்கு 8 மணி நேரமாவது செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தந்தையருக்கென்று அங்கே தனி இடம் இல்லை. இருந்தும் ஒரு மூலையில் புடவையைத் திரையாகக் கட்டி, கூச்சத்தோடு நின்ற என் மார்பில் மகளைச் சேர்த்துக் கட்டிவிட்ட மூத்த செவிலியருக்கு என் வணக்கம்.

இடையே கிருமித்தொற்று வந்து எடை அப்படியே நின்றது. முழங்கை வரை கை கழுவாத எவரையும், எங்கள் பெரியப்பாவையும்கூட, வாசலிலேயே நிறுத்திய தூய்மைப் பணியாளர் அம்மாவின் கண்டிப்பை அப்போதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டோம்.

பிறந்த நாளிலிருந்து அல்லாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட்டு, எடையோடு தலைச் சுற்றளவையும் இன்றும் அளந்து வரும் தொடர் பரிசோதனைப் பிரிவினருக்கும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
குழந்தையின் தந்தையும் தாயும்