இசைத்தட்டு பார் திறக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பாலக்காட்டில் நீ வேலை பார்க்கும் ஓட்டலில், பாரின் மாடிப் பகுதியை மட்டும் ரெக்கார்டு கேட்கும் இடமாக மாற்றப்போகிறார்கள், பொறுப்பு உன்னுடையது என்று சித்தி போனில் சொன்னார். சித்திக்கு இதில் பெரிய சந்தோஷம் இல்லை. எனக்கு நிறையவே சந்தோஷம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருக்கும் நம் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் குடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் போகிற ஊரில் ரெக்கார்டு போடும் பார் இருக்கிறது என்று யாராவது சொன்னால் தேடிப்போய் உட்காருவேன். பெங்களூரில் அப்படி ஒன்றுக்குப் போனேன். சுவர் முழுக்க எல்பி, அதாவது நீண்ட நேரம் ஓடும் ரெக்கார்டின் அட்டைகள். கவுண்டரில் அழகான டர்ன்டேபிள், அதன்மேல் தட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி மட்டும் தட்டில் படவே இல்லை. பாட்டு வந்தது ஒரு போனிலிருந்து. பக்கத்து மேஜைக்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை, அவர்கள் மேல் குறையும் இல்லை. ஆனால் தட்டை நம்பி வருகிறவர்களுக்கு அது ஏமாற்று வேலை. தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதே. கரண்ட் போனாலும், ஊசி பழுதானாலும், "இன்று தட்டு இல்லை" என்று வாசலிலேயே சொல்லிவிடு. ஜனங்கள் புரிந்துகொள்வார்கள்.

இன்னோர் ஊரில் பார்த்ததை நீ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே தட்டு போடும் பையன் ஒரு பக்கத்தை ஆரம்பித்தால் முடியும்வரை அதைத் தொடமாட்டான். எல்பியில் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். அந்த நேரத்தில் மிக்ஸி ஓடாது, ஐஸ் உடைபடாது. ஷேக்கரில் குலுக்கிச் செய்யும் காக்டெயிலுக்கு ஆர்டர் வந்தால் காத்திருக்கச் சொல்வார்கள். கரண்டியால் கலக்கிச் செய்வதை மட்டும் நடுவில் கொடுப்பார்கள். தட்டைத் திருப்பும் இடைவெளியில்தான் ஷேக்கர்கள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கும். ஆர்டர் எடுப்பது, பில் கொடுப்பது, நாற்காலி இழுப்பது எல்லாமே அப்போதுதான். சத்தம் போடாதீர்கள் என்று எங்கேயும் பலகை இல்லை. இருந்தும் கொஞ்ச நேரத்தில் அந்த அறை முழுக்க அதே ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த தட்டின் அட்டையை மேஜை மேஜையாக அனுப்பினார்கள். வயலின் யார், புல்லாங்குழல் யார், எந்த ஆண்டுப் பதிவு என்று படித்துக்கொண்டே கேட்டோம். நான் குடித்தது ஒரு எலுமிச்சை சோடா. ஆனால் அப்படி ஒரு கவனத்தோடு வெளியிடத்தில் உட்கார்ந்து நான் பாட்டுக் கேட்டதே இல்லை.

இந்தப் பழக்கத்துக்கு மூலம் ஜப்பானில் இருக்கிறது. அங்கே ஜாஸ் கிஸ்ஸா என்று காப்பிக் கடைகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டு எல்பி வாங்குவது சாதாரண மாணவனுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு காப்பி வாங்கினால் கடைக்காரரின் தட்டுகளை நல்ல ஸ்பீக்கரில் மணிக்கணக்காகக் கேட்கலாம். சில கடைகளில் பேசவே கூடாது. நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் மைக் செட்காரர்கள்தான். கல்யாணமோ காதுகுத்தோ கோயில் நோன்போ, தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து, ரெக்கார்டு பிளேயரைக் கண்ணாலும் பார்க்காத ஊருக்கெல்லாம் பாட்டுக் கொடுத்தவர்கள். உன் பாருக்கு முதலில் அழைக்கவேண்டியது அவர்களைத்தான். ஒரு மேஜையை அவர்களுக்கென்றே வைத்துக்கொள், வாரத்தில் ஒரு நாள் அவர்களே தட்டு எடுத்துப் போடட்டும்.

என்ன தட்டு வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பாய். பாலக்காட்டுக்காரன் அதற்கு ரொம்பத் தூரம் பார்க்கவேண்டியதில்லை. எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-இல் பிறந்தது எலப்புள்ளியில். பாடகி பி.லீலா நம் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர். கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் செம்பை கிராமம் கோட்டாயி பக்கத்தில்தான், அவரிடம் படித்தவர் யேசுதாஸ். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற நம் ஜனங்களுக்கு இவர்கள் எல்லோரும் இரண்டு மொழியிலும் சொந்தக்காரர்கள். ஒரு பக்கம் தமிழ், அடுத்த பக்கம் மலையாளம் என்று மாற்றி மாற்றிப் போட்டால், வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்களும் ஒலவக்கோட்டிலிருந்து வருகிறவர்களும் ஒரே மேஜையில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாப் பாரிலும் ஓடுகிற ஆங்கில எல்பியும் கொஞ்சம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டுகள் கிடைத்தால் விடாதே. ஆனால் அவற்றுக்கு அகலமான தனி ஊசி வேண்டும், எல்பி ஊசியை வைத்தால் இரண்டுக்கும் கேடு. அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். மது சிந்துகிற கவுண்டருக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடு.

அப்புறம் டர்ன்டேபிளை எங்கே வைக்கிறாய் என்பது முக்கியம். ஸ்பீக்கர் நிற்கிற மரத்தரையிலேயே அதையும் வைத்தால், ஸ்பீக்கரின் அதிர்வு தரை வழியாக ஊசிக்குத் திரும்பி வந்து ஊளையிடும். நடந்து போகிறவர்களின் காலடிக்கே ஊசி குதிக்கும். சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, அதன்மேல் கனமான கருங்கல் பலகை போட்டு வை. நம் ஊரில் கருங்கல்லுக்கா பஞ்சம்? மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் இது, வெயில் படுகிற சுவரில் எல்பியைச் சாய்த்து அடுக்கினால் வளைந்துபோகும். நேராக நிறுத்தி வை. மழைக்காலத்தில் அட்டை பூஞ்சை பிடிக்கும். மார்கழியில் கணவாய் வழியாக வீசுகிற கிழக்குக் காற்றுக்கு ஜன்னலைச் சாத்திவிடு, அந்தத் தூசி முழுக்க தட்டின் பள்ளத்தில்தான் போய் உட்காரும்.

இனிச் சொல்வது பெண்களைப் பற்றி. இதை நீ கவனமாகப் படிக்கவேண்டும். நான் தனியாகப் போனால், கூட யாராவது வருகிறார்களா என்று வாசலிலேயே கேட்கிறார்கள். ஓர் இடத்தில் ஃபேமிலி ரூம் என்று ஒரு தனி அறைக்கு அனுப்பினார்கள். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். ஆனால் ஸ்பீக்கர் இருந்தது ஹாலில். எனக்குக் கேட்டது வெறும் தடதடப்பு. பாட்டுக் கேட்க வந்தவளுக்கு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி கொடு, அதைவிடப் பெரிய மரியாதை தேவையில்லை. படிக்கட்டில் வெளிச்சம் இருக்கட்டும், கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியாக விழட்டும், இரவில் ஆட்டோ கூப்பிட்டுக் கொடுக்க ஓர் ஆள் இருக்கட்டும். அவ்வளவுதான், வந்து சேருவோம்.

குடிக்காதவர்களுக்கு நீலக் கலரில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்து. காக்டெயிலுக்குக் காட்டும் அக்கறையில் பாதி போதும். நன்னாரி, நெல்லிக்காய், காந்தாரி மிளகாய், குடம்புளி, இளநீர் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. சித்தூர்த் தென்னையின் பெயரைக் கேரளம் முழுக்கச் சொல்கிறார்கள், நம் மெனுவில் மட்டும் ஏன் பாட்டில் சிரப்?

இன்னொரு யோசனை. கேரளத்தில் பாரில் 23 வயது ஆகாதவர்களுக்குக் கொடுக்கக்கூடாது. ஆனால் பாலக்காட்டில் செம்பை பெயரிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, அங்கே படிக்கிற பிள்ளைகள்தான் இந்தத் தட்டுகளை முதலில் கேட்கவேண்டியவர்கள். மாதம் முதல் தேதி மது விற்பனை கிடையாது, உன் பார் எப்படியும் சும்மாதான் கிடக்கும். அன்று டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் கீழே சாப்பாட்டு ஹாலுக்கு இறக்கி, மாலை நாலு மணிக்கு ஆரம்பித்து, காப்பியும் பழம்பொரியும் வைத்து எல்லோரையும் கூப்பிடு. மாணவர்கள், வீட்டுப் பெரியவர்கள், பாருக்குள் கால் வைக்கவே கூச்சப்படுகிறவர்கள் எல்லோரும் வரலாம். முதலாளி வியாபாரம் இல்லை என்று முணுமுணுத்தால், அன்று வந்தவர்களில் எத்தனை பேர் மற்ற நாட்களிலும் சாப்பிட வருகிறார்கள் என்று மூன்று மாதம் பார்க்கச் சொல்.

கடையில் ரெக்கார்டு போடுவதற்கும் பாட்டு உரிமைப் பணம் வசூலிக்கும் அமைப்புகளான பிபிஎல் (PPL), ஐபிஆர்எஸ் (IPRS) உரிமம் வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய தட்டாக இருந்தாலும் பொது இடத்தில் போட்டால் பணம் கட்டத்தான் வேண்டும், தட்டு வெளியிட்ட கம்பெனிகளுக்கும் பாட்டு எழுதி இசையமைத்தவர்களுக்கும் சேரவேண்டிய பணம் அது. ஓட்டல் ஏற்கெனவே எதற்கெல்லாம் கட்டுகிறது என்று கணக்குப் பிரிவில் கேட்டுவிடு.

வேலந்தாவளம் பக்கம் ஒரு பழைய மைக் செட்காரர் இரண்டு மரப்பெட்டி நிறையத் தட்டு வைத்திருக்கிறார். பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேட்டானாம், அவர் கொடுக்கவில்லை. நான் பேசி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தட்டாகப் போட்டுக் கேட்டு, நியாயமான விலை சொல்லி வாங்கவேண்டும். பேரம் பேசாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்கு லீவு இருந்தால் கொழிஞ்சாம்பாறை வந்துவிடு, சேர்ந்து போகலாம். வரும்போது நல்ல ஊசி ஒன்று எடுத்து வா, அவருடைய பிளேயரில் இருப்பது தேய்ந்துபோய்விட்டது.

அன்புடன்,
அக்கா