ஜாம்பி வந்த ஊரிலிருந்து மகனுக்கு

குலசேகரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். நம் ஊர்ச் சந்திப்பில் விடியாத இருட்டில் ஏழெட்டுப் பிணங்கள் காலை இழுத்து இழுத்து நடந்து வருவதும், சாயாக்கடைக்காரர் பால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடுவதும் அதில் தெளிவாகவே தெரிகின்றன. "அப்பா, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருங்கள்" என்று குவைத்திலிருந்து நீ காட்டிய கரிசனத்துக்கு மகிழ்ச்சி. போனில் பேசினால் உன் அம்மையின் காதில் விழும் என்பதால், நடந்ததைக் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

உன் அத்தை மகன், கல்லூரி நண்பர்களோடு ஜாம்பிக் குறும்படம் ஒன்று எடுக்கப்போவதாகச் சொல்லி வந்தான். ஜாம்பி என்றால் எழுந்து வந்து ஆட்களைக் கடிக்கும் பிணம் என்று எனக்கு விளக்கவும் செய்தான். நான் வாசகசாலையில் படித்த ஜாம்பி வேறு. ஹெய்த்தியில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வழிவந்த நம்பிக்கையில், அது யாரையும் கடிப்பதில்லை. மந்திரவாதி எழுப்பிவிட, செத்த பிறகும் ஓய்வில்லாமல் அவனுக்காக வேலை செய்துகொண்டே இருக்கும். சாவிலாவது விடுதலை உண்டு என்று நம்பியிருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பயம் வேறென்ன இருந்திருக்கும்? ரப்பர் எஸ்டேட்டில் 31 வருடம் மரப்பட்டையைச் சீவிப் பால் வெட்டிய எனக்கு அது உடனே விளங்கியது. பையன்களுக்கு விளங்கவில்லை. கடிக்கிற ஜாம்பிதான் வேண்டும் என்றார்கள்.

மேக்கப்புக்குத் திரவ லேட்டக்ஸ் வாங்க வேண்டும், விலையோ அதிகம் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சினிமாக்காரர்கள் புண்ணும் உரிந்த தோலும் செய்யப் பயன்படுத்துகிற அந்தச் சரக்கு, நம் வீட்டுக்குப் பின்னால் சிரட்டை சிரட்டையாக வடிகிற ரப்பர் பால்தானே! வெட்டிய பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள், அது கண்ணை எரித்துவிடும் என்பதால், நான் நள்ளிரவிலேயே போய்ப் பத்து மரங்களில் பால் வெட்டி, அதைப் பச்சையாகவே கொண்டுவந்தேன். சிலருடைய உடம்புக்கு ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாது; ஒவ்வொருவனுக்கும் முதலில் கையில் தடவிப் பார்த்த பிறகே முகத்தில் பூசினேன். மெல்லிய காகிதத்தைக் கிழித்து ஒட்டி, மேலே மறுபடி பால் பூசி, காய்ந்ததும் நகத்தால் கிள்ளிப் பிய்த்து, காப்பித்தூளும் குங்குமமும் அப்பினோம். பெற்ற தாய் பார்த்தாலும் அலறியிருப்பாள். உறைந்த பால் முடியை விடாது என்பதை மட்டும் அந்த உற்சாகத்தில் மறந்துபோனேன்.

அவர்களுக்கு வயதான ஜாம்பி ஒன்றும் தேவைப்பட்டது. வீடியோவில் கிழிந்த வேட்டியோடு முன்னால் வருகிறதே, அது நான்தான், மக்களே.

வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளர்ந்துவிடும் என்பதற்காக, பால்வெட்டுக்காரர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்துக்குள் இறங்குவது உனக்குத் தெரியும். நாகர்கோவில் பையன்களுக்கு அது தெரியாது. நெற்றி விளக்கோடு வருகிறவரின் முகம் எதிரே நிற்பவனுக்குத் தெரியாதாகையால், மரங்களுக்கு நடுவே தலையில்லாத பத்து வெளிச்சங்கள் அசைந்து வருவதைக் கண்டதும், "வாதை! வாதை!" என்று பேயைக் கண்டதுபோலக் கத்திக்கொண்டு முதலில் ஓடியவர்கள் எங்கள் ஜாம்பிகளே. எங்களைப் பால் திருடர்கள் என்று நினைத்த பால்வெட்டுக்காரர்கள் கையில் வெட்டுக்கத்தியோடு துரத்தினார்கள். எங்கள் நடையை எல்லோரும் நல்ல நடிப்பு என்று புகழ்கிறார்களாம். இமைகள் பாதி ஒட்டிக்கொண்டதால் வழி தெரியாமல் தடுமாறினோம், அவ்வளவுதான்.

சந்திப்பில் நடந்தவற்றில் பாதியைத்தான் வீடியோவில் பார்த்திருக்கிறாய். கோயில் பூசாரி திருநீற்றை வாரி இறைத்தார், யாரோ ஓடிப்போய் வேதக்கோயில் மணியை அடித்தார்கள், பூக்கடை மயினி ஈர்க்கு வாரியலை எடுத்து, "செத்தவனுக்கு இந்நேரத்துல என்னடே சாயா?" என்று கேட்டுக்கொண்டே என் முதுகில் நாலு வைத்தாள். மூன்று சிகிச்சைகளில் அதுதான் வலித்தது. ஓடையில் விழுந்து கிடந்த என்னருகே குனிந்து பார்த்தவர், என்னோடு எஸ்டேட்டில் வேலை பார்த்த பழைய கூட்டாளி. முகம் அவருக்குத் தெரியவில்லை; வாடையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். "அண்ணாச்சி, பால் உறையதுக்கு முந்தி கழுவணும்லா" என்று மட்டும் சொன்னார். முன்கூட்டித் தகவல் சொல்லாதது எங்கள் தவறுதான் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

உன் அம்மை அன்று மார்த்தாண்டத்தில் சித்தி வீட்டில் இருந்தாள். என் இடது புருவம் போனது சலூன்காரரின் கவனக்குறைவால் என்று இதுவரை நம்புகிறாள்; அந்த மனிதரைத் தெருவில் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவைத்ததில் மீசை பிழைத்துக்கொண்டது. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "அந்தக் கிழட்டுப் பேயின் வேட்டிக் கரையை எங்கேயோ பார்த்திருக்கிறேன்" என்று நேற்று இரவு சொன்னாள்.

போன ஓணத்துக்கு நீ திருவனந்தபுரத்தில் எடுத்துக் கொடுத்த பச்சைக் கரை வேட்டிதான் அது. பீரோவை அவள் இன்னும் திறந்து பார்க்கவில்லை. எந்தக் கடையில் வாங்கினாய் என்பதை மட்டும் உடனே எழுதி அனுப்பு. நாளைக் காலை முதல் பேருந்துக்கே புறப்படுகிறேன்.

அன்புடன்,
அப்பா